தகட்டுக்காரர் அடைத்த வண்டிகள்

மஸ்கெலியாப் பக்கம் டர்போ டீசல் ஜீப் வைத்திருந்த எவரும் தகட்டுக்காரரின் கையிலிருந்து தப்பியதில்லை. அவரிடம் வண்டியைக் கொடுத்தவர் என்றும் எவருமில்லை. கொடுக்கும்வரை அவர் காத்திருந்ததில்லை. ஜீப்பை நிறுத்திவிட்டு நீங்கள் ஒரு பிளேன்டீ குடிக்கப் போயிருப்பீர்கள். திரும்பி வரும்போது வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், பானட்டும் மூடித்தான் இருக்கும். ஏற்றத்தில் கால் வைத்ததும்தான் தெரியும், நேற்றுவரை முக்கி முனகிய வண்டி இன்று ஏறுகிறதென்று. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று புரியும். யாரென்றும் புரியும். திட்டுவதற்கு ஆளைத் தேடினால், அவர் அடுத்த ஜீப்பின் கீழே படுத்திருப்பார்.

உள்ளே இருந்து இழுத்துத் திறக்கவேண்டிய பானட்டை வெளியே நின்று எப்படித் திறந்தார் என்பதை அவர் தன் மனைவி மேரி அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. சூடு ஆறாத இஞ்சினில் கையை விட்டு விட்டு, முழங்கைவரை தீத்தழும்பு. அந்தக் கைகளைப் பார்த்து, இவர் மடுமாதா கோயிலுக்கு ஏதோ தீ நேர்த்திக்கடன் வைத்திருக்கிறார் என்று நினைத்தவர்கள் உண்டு. இதில் இன்னொரு கூத்து, அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. முன்சீட்டில் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்பார்.

அவர் எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் ஃபிட்டராக இருந்தவர். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். கொழுந்தை லொறியில் ஏற்றி வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டால் ஸ்டோர் தேவையில்லை என்று கொழும்பில் யாரோ கண்டுபிடித்தார்கள். ஸ்டோரை மூடினார்கள். மெஷின்கள் பழைய இரும்பாகப் போயின. துருப்பிடிக்காத தகடு கொஞ்சம் மூலையில் கிடந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை, இவரையும் ஒருவரும் கேட்கவில்லை. தகட்டைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்தார். அன்றிலிருந்து அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஓரத்தில் போல்ட்டுக்கு ஓட்டை போட்டு, துணிப்பையில் போட்டுக்கொண்டு மலையெல்லாம் அலைந்தார்.

நான் மேக்கணக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். மேக்கணக்கு என்பது எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவு. பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். கட்டாருக்குப் போகுமுன் என் வீட்டுக்காரர் ஒரு பழைய ஜீப்பை வாங்கி என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அது ஏற்றத்தைக் கண்டால் கறுப்பாகப் புகையைக் கக்கும், பிறகு யோசிக்கும். ஒரு காலை அப்படி யோசித்துக்கொண்டே ஏறியபோது, துணிப்பை மாட்டிய ஒருவர் நடந்து வந்து என் ஜன்னலுக்குச் சமமாக நின்றார். நின்றார் என்பதும் சரியில்லை. அவர் நடந்துகொண்டுதான் இருந்தார். ஜீப்தான் அவரோடு வந்தது.

“டீச்சர், எறங்கி நடந்தா வெள்ளனப் போயிரலாம்.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பானட்டைத்தான் பார்த்தார், வியாதிக்காரரைப் பார்க்கிற மாதிரி.

“எம்புட்டு நாளா இப்படி இருமுது?”

பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியதும் பானட்டைத் திறந்துவிட்டார். ஒரு கரண்டியை உள்ளேவிட்டுத் தார் போன்ற ஒன்றை வழித்தெடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“இதுக்குள்ள ஒரு வால்வு இருக்குங்க. ஈஜிஆர்னு பேரு. வண்டி வெளிய விட்ட புகையில ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டாந்து அது வாயிலயே ஊட்டும்.”

“எதுக்குண்ணே அப்படி வச்சாங்க?”

“சூடு கொறையுமாம். வெளிய போற நச்சுக் காத்து கொறையுமாம். செஞ்சவங்க நல்ல ரோட்டுல ஓட்டிப் பாத்திருக்காங்க. இங்க நமக்கு ஒண்ணாங் கியரு, ரெண்டாங் கியரு. அதுக்கு மேல ஏது. புகையும் எண்ணெயும் சேந்து மூச்சுக் கொழாயில அப்பிக்கிருது. அப்புறம் அது எங்க மூச்சு விடும், எங்க இழுக்கும்.”

நான் காலைக் கூட்டத்துக்குப் போய்விட்டு வருவதற்குள் குழாயைச் சுரண்டித் துடைத்து, வால்வுக்குப் போகிற வழியில் ஒரு தகட்டை வைத்து முடுக்கிவிட்டார். அன்று மாலை என் ஜீப் போன வேகத்தில் எனக்கே பயம் வந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு நான் ஒரு வகையில் சாட்சியானேன். அவர் பைத்தியத்தின் ஒவ்வொரு கட்டமும் என் வகுப்பறை வாசலுக்கு வந்து அறிவிக்கப்படும். ஈஜிஆர் மேலிருந்த கோபத்தை அவர் இஞ்சினோடு நிறுத்தவில்லை. நேற்றைய குழம்பைச் சுடவைத்துப் போட்டால் தட்டைத் தள்ளிவிடுவார். “விட்டதையே திங்கிறதுக்கு நான் என்ன வண்டியா?” என்பார். மேரி அக்கா விடியற்காலை பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, நாள் முழுக்க மலையில் கொழுந்தெடுத்து, இடுப்பொடிந்து திரும்புகிறவர். அவர் சொன்ன பதிலை நான் காதால் கேட்டேன்.

“அந்த வால்வை விட்டுட்டு ஒங்க வாய்க்கு ஒரு தகடு வைங்க. வீடு நல்லா இழுக்கும்.”

ஃபாதரின் ஜீப் விஷயம் ஊரறிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை நடக்கும்போது தகட்டுக்காரர் பின்வரிசையில் இருந்து மெல்ல நழுவினார். நற்கருணை நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். பூசை முடிந்ததும் நேராகப் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குப் போய் முழந்தாளிட்டார். இதை அவரே என்னிடம் சொன்னதால் சொல்கிறேன், ஃபாதர் சொல்லமாட்டார்.

“ஃபாதர், ஒருத்தரோட சாமான்ல கேக்காமக் கைய வச்சிட்டேன்.”

“யாரோட சாமான்?”

“ஒங்களோடது.”

“எப்போ?”

“நீங்க பிரசங்கம் வச்சப்போ.”

ஃபாதர் கம்பிவலைக்கு அருகே குனிந்தாராம். பிறகு தாழ்ந்த குரலில், “ஏத்தத்துல ரெண்டாங் கியர்லயே போகுமா?” என்று கேட்டாராம்.

சைவ சமயத்தவரான பலசரக்குக் கடை முதலாளிக்கு நடந்தது வேறு. புதிதாக ஊருக்கு வந்தவர். எண்ணெய் மாற்றப் போன இடத்தில் இஞ்சினுக்குள் ஒரு தகடு இருப்பதாக யாரோ சொல்ல, தன் வண்டிக்குள் தகடு வைத்துச் செய்வினை செய்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினார். எதிர்க்கடைக்காரரின் பெயரைச் சொல்லி நடுத்தெருவில் மண்ணை வாரி இறைத்தார். பூசாரி வந்தார். பானட்டைச் சுற்றித் தேங்காய் உடைத்தார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். கூட்டத்தில் நின்ற தகட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல், “முதலாளி, அது நான் வச்சதுங்க, புகைக்கு,” என்றார். பூசாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். “யாருகிட்ட தொழில் படிச்சீங்க?” என்று மரியாதையாகக் கேட்டார். கடைசியில் கிரகம் கழிந்தது என்று தகட்டை அப்படியே விட்டுவிட்டுப் பானட்டில் குங்குமம் வைத்தார்கள்.

டீசல் தட்டுப்பாட்டுக் காலத்தில் நாடே வரிசையில் நின்று செத்துக்கொண்டிருந்தது. தகட்டுக்காரர் ஒருவருக்குத்தான் அது திருவிழாக் காலம். மஸ்கெலியா டீசல் ஷெட்டிலிருந்து வளைந்து வளைந்து நின்ற வரிசையில் எத்தனை ஜீப். எல்லாம் அசையாமல், இஞ்சின் ஆறிப்போய், சொந்தக்காரர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் வரிசையின் வாலில் தொடங்கித் தலை வரைக்கும் அடைத்துக்கொண்டே போனார். டீசல் வரவில்லை. ஆனால் வந்திருந்தால் அவை எல்லாம் நன்றாக ஓடியிருக்கும்.

தேர்தலுக்கு ஒருவர் வந்தார். மேக்கணக்கு ரோட்டைப் போட்டுத்தருவதாகச் சொல்ல வந்தவர், அந்த ரோட்டில் ஏறமுடியாமல் பாதியில் நின்று ஒலிபெருக்கியில் பேசினார். பேசி முடிப்பதற்குள் தகட்டுக்காரர் அவர் வண்டியின் கதையை முடித்துவிட்டார். இறங்கிப் போகும்போது நல்ல வேகம். அந்த வேகத்தில் போனவர் ஜெயித்தார், திரும்பி வரவில்லை. “நான் அடைச்சதுலயே தப்பா அடைச்சது அது ஒண்ணுதான் டீச்சர்,” என்று தகட்டுக்காரர் பிறகு வருத்தப்பட்டார்.

அவருடைய பெரிய சண்டை எங்கள் தோட்டத்து மேனேஜர் துரையின் வண்டியோடு. அது புதுமாதிரி வண்டி. புகை திரும்பி வரவில்லையென்றால் கண்டுபிடித்து மஞ்சள் விளக்கைப் போட்டுவிடும். விளக்கு எரிந்தும் கவனிக்காவிட்டால் வண்டியே பயந்துபோய் இழுவையைக் குறைத்துக்கொள்ளும். தகட்டுக்காரர் முதலில் விளக்கின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார். விளக்குதான் மறைந்தது, வண்டி ஏறவில்லை. பிறகு ஒரு வாரம் சாப்பிடாமல் யோசித்து, தகட்டின் நடுவே சின்ன ஓட்டை போட்டார். கொஞ்சமாய்ப் புகை போனால் வண்டி ஏமாந்துவிடும். ஏமாந்தது. துரையின் டிரைவர் முத்துவுக்கு எல்லாம் தெரியும். வண்டி நன்றாக ஏறியதால் வாயைத் திறக்கவில்லை. டேப்பை உரிக்க இருவரும் மறந்துபோனார்கள்.

ஒருநாள் நான் அவரிடம் வாதாடினேன். “அண்ணே, அந்த வால்வு சும்மா வச்சதில்ல. அத அடைச்சா மூச்சுக்கு ஆகாத காத்து கூடுதலா வரும். பிள்ளைங்க படிக்கிற எடத்துக்கு முன்னாலதான இம்புட்டு வண்டியும் போகுது.”

அவர் கோபப்படவில்லை. மலையைப் பார்த்தார். முதுகில் டாங்கியோடு ஆட்கள் மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் பழைய துணி கட்டியிருந்தார்கள்.

“நீங்க சொல்றது மெய்தாங்க,” என்றார். “அவங்களுக்கும் மூக்கு இருக்குனு நெனச்சு யாராச்சும் ஒரு வால்வு வச்சிருந்தா, நான் இதத் தொட்டிருக்கமாட்டேன்.”

அது சரியான பதில் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

துரை மாற்றலாகிப் போனார். புதுத் துரைக்குப் புது வண்டி வந்தது. பழைய வண்டியின் பின்னால் ஒரு பெஞ்சைப் போட்டு, கண்ணாடியில் சிவப்புச் சிலுவை ஒட்டி, டிஸ்பென்சரிக்குக் கொடுத்தார்கள். துரைக்கு உதவாதது எங்களுக்கு அம்புலன்ஸ். முத்துதான் அதற்கும் டிரைவர்.

அந்த வருஷம் காற்று அதிகமான ஒரு முற்பகலில் மேக்கணக்கு மலையில் குளவி கலைந்தது. கருப்பந்தைல மரத்திலிருந்த கூட்டைக் காற்று அசைத்துவிட்டது. கூச்சல் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டது. பெண்கள் கூடையை எறிந்துவிட்டு ஓடினார்கள். செல்லம்மா அக்காவும் ஓடித் தப்பியவர்தான். வேலைக்குப் புதிதாகப் பேர் பதிந்த ஒரு பெண் விழுந்துகிடப்பதைப் பார்த்துத் திரும்பிப் போய், தன் இடுப்பில் கட்டியிருந்த கனத்த படங்குத் துணியை அவிழ்த்து அவள்மேல் போட்டு, அதன்மேல் தானும் படுத்துக்கொண்டார். படங்குக்கு வெளியே இருந்தது செல்லம்மா அக்காதான்.

முத்து அம்புலன்ஸைக் கொண்டுவந்தார். செல்லம்மா அக்காவையும் இன்னும் ஒருவரையும் அதில் ஏற்றினோம். மற்றவர்களை என் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நான் பின்னால் போனேன். எங்கள் ரோடு மெயின் ரோட்டுக்குப் போகுமுன் ஓர் ஓடையில் இறங்கி, சின்னப் பாலத்தைத் தாண்டி, செங்குத்தாக ஏறும். அந்தப் பாலம் எந்தக் காலத்து மழையிலோ உடைந்தது. உடைந்த இடத்தில் மரப்பலகை போட்டிருந்தார்கள். பலகை உக்கிப்போயிருந்தது. தோட்டத்தில் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று.

அம்புலன்ஸ் பாலத்தில் ஏறியதும் பலகை முறிந்தது. பின்சக்கரம் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். முத்து அழுத்தினார். வண்டி உறுமியது, அசைந்தது, வெளியே வரவில்லை. இறங்கித் தள்ளினோம். ஒதுங்கிப் போகவும் வழியில்லை. ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் பள்ளம்.

“இழுக்க மாட்டேங்குதுங்க டீச்சர், இழுக்க மாட்டேங்குது,” என்று முத்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஏறினோம். செல்லம்மா அக்காவின் கையை நான் பிடித்திருந்தேன். விரல்கள் வீங்கி மோதிரம் சதைக்குள் போயிருந்தது. ஏற்றத்தின் நடுவில், “அந்தப் புள்ள எங்க?” என்று கேட்டார். பின்னால் வருகிறாள் என்றேன். மெயின் ரோட்டில் கொழுந்து லொறி ஒன்றை மறித்து ஏற்றும்போது அவர் உயிர் போயிருந்தது. மற்றவர்கள் பிழைத்தார்கள்.

தோட்டத்து ஒஃபீசில் விசாரணை வைத்தார்கள். புதுத் துரை, பொலிஸ் சார்ஜன்ட், வெளியூரிலிருந்து வந்த ஒரு மெக்கானிக். வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் தகட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எல்லாரும் அதையே பார்த்தார்கள். அந்த முகங்களில் வந்த நிம்மதியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தகடு உள்ளங்கையில் அடங்கும். பாலம் அப்படி அடங்காதே.

சார்ஜன்ட் தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “மொகத்த மே?” என்று சிங்களத்தில் கேட்டார். இது என்ன என்பது அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தகட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“இது நீ வச்சதா?” துரை கேட்டார்.

“ஆமாங்க தொரை.”

“யாரைக் கேட்டு வச்சே?”

“யாரையும் கேக்கலீங்க.”

நான் எழுந்தேன். பலகை முறிந்ததைச் சொன்னேன். சக்கரம் இறங்கியதைப் பார்த்தவள் நான் என்றேன். துரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அது வேற விஷயம், டீச்சர். அதைத் தனியாப் பாப்போம்.”

இன்றுவரை தனியாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தகட்டுக்காரரை எந்தச் சட்டத்தில் பிடிப்பதென்று சார்ஜன்ட்டுக்குத் தெரியவில்லை. அன்று பின்னேரமே விட்டுவிட்டார். தோட்டத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. இனி எங்கள் தோட்டத்து எல்லைக்குள் அவர் கால் வைக்கக்கூடாது என்று சொல்லி, கேட்டில் நின்ற வாச்சரிடமும் சொல்லிவைத்தார்கள்.

நான் அவர் லயத்துக்குப் போனேன். அவர் தரப்பில் நின்று ஆத்திரமாகப் பேசத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மேரி அக்கா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“நீங்க ஒண்ணும் பண்ணலண்ணே. பலகைதான் முறிஞ்சது. நான் பாத்தேன்.”

“பலகை முறிஞ்சிச்சுங்க. சரி. குழியிலருந்து ஏறி வந்திருக்கணுமே. நல்லா இழுக்கிற வண்டின்னா வந்திருக்கும்.”

“அத எப்படிச் சொல்றீங்க?”

“நான் போட்டது சின்ன ஓட்டைங்க. கரி அடைச்சிருந்தா வண்டிக்குத் தெரிஞ்சுபோயிருக்கும். இழுவையைக் கொறைச்சிருக்கும். வெளக்கு எரிஞ்சிச்சான்னு முத்துக்கிட்ட கேட்டேன். அவன் என்னாத்தக் கண்டான். வெளக்கு மேலதான் நான் டேப்பு ஒட்டியிருந்தேனே.”

அந்த மெக்கானிக் தகட்டைத் துடைத்துவிட்டுத்தான் மேசையில் வைத்தார். ஓட்டை அடைத்திருந்ததா இல்லையா என்று இனி யாரும் சொல்லமுடியாது. அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. உள்ளேயிருந்து மேரி அக்கா, “சாப்பிட வாங்க,” என்றார். எழுந்து போய், நேற்றைய குழம்பை ஊற்றிய தட்டை வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். மேரி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்குள் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகுதான் அந்த மனிதரின் உண்மையான பைத்தியம் தொடங்கியது. துணிப்பையைத் தூக்கிக்கொண்டு தான் அடைத்த ஒவ்வொரு வண்டியையும் தேடிப் புறப்பட்டார், தகட்டைக் கழற்ற. இந்தத் தடவை கதவைத் தட்டி, அனுமதி கேட்டு. வாழ்நாளில் கேட்டுப் பழக்கமில்லாதவர், அதனால் மோசமாகக் கேட்டார்.

“ஐயா, ஒங்க வண்டியில என் தகடு ஒண்ணு இருக்கு. எடுத்துக்கிறவா?”

ஒருவரும் விடவில்லை. தகடு வைத்த நாளில் பொலிசுக்குப் போவேன் என்று குதித்த வாடகை ஜீப்காரர் ஒருவர், இப்போது எடுத்தால் பொலிசுக்குப் போவேன் என்றார். பலசரக்குக் கடை முதலாளி பானட்டுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றார். தகடு வந்த பிறகுதான் வியாபாரம் சூடுபிடித்ததாம். எடுத்தால் எதிர்க்கடைக்காரருக்குப் போய்விடுமாம். ஃபாதர் அவரை உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, மன்னிப்பைப் பற்றி நெடுநேரம் பேசினார். பேசி முடித்துவிட்டு, “ஆனா அத எடுக்காதப்பா,” என்றார். “உடப்புசல்லாவைக்கு நான் மாசம் ரெண்டு தடவை போகணும்.”

“டீச்சர், அடைக்கிறது லேசா இருந்திச்சு,” என்று என்னிடம் வந்து சொன்னார். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருவருக்கும் நல்லதாக இல்லை.

செல்லம்மா அக்காவின் வீட்டுக்காரர் ராசு அண்ணனைப் பார்க்கவேண்டும் என்றார். வாச்சர் கண்ணில் படாமல் ஒருவரை எல்லைக்குள் கொண்டுபோக எனக்குத் தெரிந்த ஒரே வழி, என் ஜீப்பின் பின்சீட்டில் பள்ளிக்கூடத்துப் பாய்களுக்கு அடியில் படுக்கவைப்பது. அப்படியே கொண்டுபோனேன். ராசு அண்ணன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். தகட்டுக்காரர் அவர் முன்னால் நின்றார். பாயின் கோரை தலையெல்லாம் ஒட்டியிருந்தது.

“வண்டிக்குள்ள தகடு வச்சது நான்தான்.”

“தெரியும்.”

“அதனாலதான் வண்டி இழுக்காமப் போச்சோ என்னமோ. தெரியல. ஒன்கிட்ட சொல்லணும்னு வந்தேன்.”

ராசு அண்ணன் கோடரியைக் கட்டையில் நிறுத்தினார். பிறகு சொன்னார்:

“அவ போனப்புறம் இந்த வீட்டுக்கு எத்தினி பேரு வந்தாங்க. கோட்டு போட்டவனும் வந்தான், சால்வை போட்டவனும் வந்தான். என்னால இருக்குமோன்னு கேட்டு வந்தது நீ ஒருத்தன்தான்.” கட்டையைக் காட்டி, “ஒக்காரு,” என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அதை யார் கேட்டார்கள். இருவரும் ஒரே கட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஜீப்புக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ராசு அண்ணன் வேலை முடிந்து வரும்போது கல் கொண்டுவந்து பாலத்தின் பள்ளத்தில் போடத் தொடங்கினார். பாலத்தடி ஓடைதான் தோட்டத்து எல்லை; அதற்கு அந்தப் பக்கம் நின்றபடி தகட்டுக்காரர் கல் பொறுக்கிக் கொடுப்பார். வாச்சர் வந்து அவர் காலைத்தான் பார்ப்பார், எல்லைக்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று. பாலத்தைப் பற்றித் தோட்டத்துக்கு எந்தச் சட்டமும் இல்லை. கல் எடுத்துக் கொடுத்த ஆளைப் பற்றி மட்டும் இருந்தது. ஆனாலும் பள்ளம் நிறைந்தது. இப்போது அதன்மேல்தான் எல்லா வண்டியும் போகிறது, துரையின் வண்டி உட்பட.

மேரி அக்காவுக்குப் பென்ஷன் வயது வந்தது. தோட்டத்தில் பேர் இல்லாதவர்களுக்குக் குடியிருக்க லயக் காம்பராவும் இல்லை. வவுனியாவில் மகள் வீடு இருந்தது. அங்கே மலை இல்லை, ஏற்றம் இல்லை. எந்த வண்டிக்கும் தகடு தேவைப்படாது. ஹட்டனில் பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். மேரி அக்கா மூட்டைகளோடு பின்னால் ஏறினார். தகட்டுக்காரர் தலை சுற்றும் என்று சொல்லாமல் என் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்தார். மேரி அக்கா கட்டாயப்படுத்திப் போட்ட புதுச் சட்டை கழுத்தில் முட்டிக்கொண்டிருந்தது.

“கடைசியாக் கேக்குறேன் டீச்சர். இதையாச்சும் எடுத்துரவா? ஸ்பேனர் பைக்குள்ள இருக்கு.”

“வேணாம்ணே,” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். வற்புறுத்தவில்லை. நோர்வூட் தாண்டி ஏற்றம் தொடங்கியது. வானொலியில் யாரோ ரோடு போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தகட்டுக்காரர் அந்தப் பேச்சைக் கேட்காமல், தூங்கும் குழந்தைக்குக் காது கொடுப்பதுபோல பானட்டின் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

வானொலியை அணைத்துவிட்டு, ஹட்டன்வரை நானும் பேசாமல் ஓட்டினேன், அவருக்கு இஞ்சின் நன்றாகக் கேட்கட்டும் என்று.